சுழல மறுத்த விசிறி

 

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள், அதிராம்பட்டினத்திலிருந்து நாகூருக்கு ஒரு நிக்காஹிற்காகக் காரில் புறப்பட்டோம். மணமகள் என் காக்காவின் மகள். பேத்தியின் நிக்காஹைக் கண்ணாரக் காண வேண்டுமென்று ஆறு மாதங்களாக நாள் எண்ணிக்கொண்டிருந்த என் உம்மா பின் இருக்கையில் தஸ்பீஹ் மணியுடன் அமர்ந்திருந்தார்கள். வண்டியை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவர், அந்தப் பழைய காரை இரண்டு வாரங்களுக்கு முன்புதான் விலைக்கு வாங்கியிருந்தார்.

முத்துப்பேட்டையில் வண்டியை நிறுத்தி லுஹர் தொழுதோம். மீண்டும் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் ஓர் இரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னும் பின்னும் லாரிகள். வெளியே வெயில் நெருப்பாய்க் காய்ந்தது. உம்மாவுக்காக இன்ஜினை அணைக்காமல் ஏ.சி.யை ஓடவிட்டிருந்தோம். சிறிது நேரத்தில் ஏ.சி.யின் குளிர் குறைந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. ‘வெயிலின் கடுமை’ என்று எண்ணிக் கல்யாணப் பேச்சைத் தொடர்ந்தோம். கேட் திறக்கும் வேளையில் பானெட்டின் இடுக்கிலிருந்து வெண்ணிற ஆவி பீறிட்டது.

மச்சான் இறங்கி ஓடிப் பானெட்டைத் திறந்தார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திருகப் போனார். அந்தக் கணத்தில், பின்னால் நின்ற லாரியிலிருந்து குதித்து வந்த பெரியவர் ஒருவர் அவருடைய மணிக்கட்டைப் பற்றி இழுத்தார்.

“தம்பி, கையை எடுங்க! திறந்தால் முகமே வெந்துபோகும்!”

அவர் யாரோ, எந்த ஊரோ, நாங்கள் கேட்கவும் மறந்துபோனோம். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! பிறகு அவர் காட்டிய இடத்தில் எட்டிப் பார்த்தோம். ரேடியேட்டரின் பின்னே சுழன்றுகொண்டிருக்க வேண்டிய மின்விசிறி அசைவற்று நின்றது.

மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவனுக்குக் காரின் விசிறியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். நியாயமான கேள்விதான். பட்டறையில் பணியாற்றியவன் அல்லன் நான். ஆனால் அன்று பட்ட அல்லலுக்குப் பின், அறிந்தவர்களிடம் கேட்டும், அருகில் நின்று பார்த்தும் கற்றவை சில உண்டு. இன்று நம் வீடுகள் பலவற்றில் கார் நிற்கிறது. அதில் நம் பெற்றோரும் பிள்ளைகளும் பயணம் செய்கின்றனர். கற்றதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

விசிறிக்கு என்ன வேலை?

இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும், இன்ஜினைச் சுற்றி ஓடும் நீரின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். ‘கூலண்ட்’ எனும் மருந்து கலந்த அந்த நீர், இன்ஜினில் சூடேறி ரேடியேட்டருக்கு வருகிறது. மெல்லிய தகடுகளால் ஆன ரேடியேட்டரின் ஊடே காற்றுப் புகுந்து அதைக் குளிரச் செய்கிறது.

வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும். நெரிசலில் ஊரும்போதும் கேட்டில் நிற்கும்போதும் எதிர்க்காற்று இல்லை. அப்போது காற்றை இழுத்துத் தரவே விசிறி வைக்கப்பட்டிருக்கிறது.

நம் வாப்பாமார் காலத்து அம்பாசிடர் காரில் விசிறியை இன்ஜினே ஒரு பெல்ட்டின் மூலம் சுழற்றியது. இன்ஜின் ஓடும்வரை விசிறியும் ஓடும். 1983-ஆம் ஆண்டு மாருதி 800 வந்தபோது இன்ஜின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. ரேடியேட்டர் முன்புறம் இருந்தது. எனவே விசிறிக்குத் தனியே ஒரு மின்மோட்டார் தேவையாயிற்று. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இவ்வகையே.

இந்த மின்விசிறி எந்நேரமும் ஓடுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 95 டிகிரியைத் தொடும்போது தானே சுழலத் தொடங்கும். சில டிகிரி குறைந்ததும் தானே நிற்கும். இந்த அளவு காருக்குக் கார் சற்று மாறுபடும். ஆகவே காலையில் வண்டியைக் கிளப்பியதும் விசிறி ஓடவில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. சூடேறிய பின்னும் ஓடவில்லையெனில்தான் அது பழுது.

பழுதை முன்கூட்டியே அறிவது எப்படி?

வண்டி ஓடும்போது சூடு சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் ஏறினால் ஐயம் விசிறியின்மேல் செல்ல வேண்டும். மாறாக, நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போதும் சூடு ஏறினால் விசிறியைக் குறை கூறிப் பயனில்லை. நீர் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட்டோ நீர்ப் பம்போ கெட்டிருக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே பாதி நோய் விளங்கிவிடும்.

இரண்டாவது அடையாளம் நாங்கள் அன்று கண்டும் காணாமல் விட்டது. நிற்கும்போது ஏ.சி.யின் குளிர் குறைந்து, ஓடத் தொடங்கியதும் மீண்டும் குளிர்ந்தால் அதுவும் விசிறியின் முறையீடாக இருக்கலாம். ஏ.சி.யின் வெப்பமும் ரேடியேட்டரின் முன்னுள்ள மற்றொரு தகட்டின் வழியாகவே வெளியேறுகிறது. அதற்கும் காற்று வேண்டும்.

ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் சூடு காட்டும் முள் இருக்கும். புதிய சிறிய கார்கள் பலவற்றில் முள் இல்லை, விளக்கு மட்டுமே உண்டு. நீல விளக்கு இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதைக் காட்டும். சிவப்பு விளக்கு அளவு கடந்த சூட்டைக் காட்டும். கார் ஓட்டும் நம் பெண்மக்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு எத்தனை அருகிலிருந்தாலும் வண்டியை நிறுத்த வேண்டும்.

வழியில் நேர்ந்தால்…

சூடு ஏறுவதைக் கண்டவுடன் ஏ.சி.யை அணையுங்கள். உடனே நிறுத்த இடமில்லாத நெரிசலாயின், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழு வெப்பத்திலும் அதன் காற்றை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டர் என்பது காரினுள்ளே இருக்கும் ஒரு சிறு ரேடியேட்டர். இன்ஜினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அது இறக்கிவைக்கும். வியர்த்துக் கொட்டும்; ஆயினும் இன்ஜின் பிழைக்கும். இடம் கிடைத்ததும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் நிழலில் அமர்த்துங்கள்.

அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருங்கள். ரேடியேட்டரின் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே நீர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அந்த அழுத்தத்தினால் ஏறத்தாழ 120 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென நீங்கி, நீர் ஆவியாய்ச் சீறி முகத்திலும் மார்பிலும் பாயும். கைக்குட்டை அதைத் தடுக்காது. ரேடியேட்டரின் மேற்குழாயை வெறுங்கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பின்னரே மூடியைத் திறக்கலாம்.

சூடான இன்ஜினின் மீது தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் விரிசல் காணும். அதே சூட்டில் வண்டியை ஓட்டிச் சென்றாலோ ஹெட் கேஸ்கெட் எரியும், இன்ஜினின் தலைப்பகுதி வளையும். சில நூறு ரூபாய் செலவு பல ஆயிரங்களாகப் பெருகிவிடும்.

காரணத்தைத் தேடும் ஒழுங்கு

விசிறி ஓடவில்லை என்றதும், ‘மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடுவோம்’ என்பதே பலரின் முதல் தீர்ப்பு. பல வேளைகளில் மோட்டார் நிரபராதி! எளியதிலிருந்து அரியதற்கும், செலவற்றதிலிருந்து செலவுள்ளதற்கும் செல்வதே அறிவுடைமை. பரிசோதிக்கும்போது விரல்களும், தாவணி, துப்பட்டா, தொங்கும் ஆடை எவையும் விசிறியின் அருகே செல்லக் கூடாது. சாவியை எடுத்த பின்னும் சில கார்களில் விசிறி திடீரெனச் சுழலும்.

முதலாவது, நீர். இன்ஜின் நன்கு ஆறியிருக்கும் காலை வேளையில் அளவைப் பாருங்கள். சூட்டை உணரும் சென்சார் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் குறைந்து அது வெறும் ஆவியில் நின்றால், சூட்டைச் சரியாக உணராது. விசிறிக்கு ஆணையும் போகாது. நீர் குறைந்திருந்தால் எங்கே ஒழுகிற்று என்பதையும் தேட வேண்டும்.

இரண்டாவது, ஃபியூஸ். பானெட்டின் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். எது விசிறியின் ஃபியூஸ் என்பது அதன் மூடியிலோ காருடன் தந்த கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 30 ஆம்பியர் அளவுடையது. உள்ளிருக்கும் உலோக இழை அறுந்திருந்தால் அதே அளவுள்ள புதியதைப் போடுங்கள். கம்பியையோ சிகரெட் பெட்டித் தாளையோ சுற்றி வைப்பது தீயை அழைத்து வருவதாகும். புதிய ஃபியூஸும் உடனே அறுந்தால், எங்கோ கம்பிகள் உரசுகின்றன அல்லது மோட்டார் இறுகிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, ரிலே. தீப்பெட்டியினும் சிறிய இந்தக் கட்டைதான் விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் வாயிற்காவலன். அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே எண்ணும் அதே கால்களும் கொண்ட ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். விசிறி ஓடி ஹாரன் ஊமையானால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

நான்காவது, இணைப்புகள். மோட்டாருக்குச் செல்லும் பிளாஸ்டிக் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். உருகியோ கருகியோ பச்சை பூத்தோ இருக்கிறதா? கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு உப்புக்காற்று தரும் தொல்லை இது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பி வண்டியின் உடலுடன் சேருமிடத்தில் துரு ஏறியிருந்தாலும் மின்சாரம் திரும்பும் வழி அடைபடும். எலி கடித்த கம்பியும் அரிதன்று.

ஐந்தாவது, மோட்டார். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். பிறகு, தன் வழியில் ஒரு ஃபியூஸ் உள்ள கம்பிகளைக் கொண்டு பேட்டரியின் 12 வோல்ட்டை நேரே மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். இதைப் பழகியவர் செய்வதே நலம். சுழன்றால் மோட்டார் நலமாயிருக்கிறது. சுழலாவிட்டால், அல்லது தட்டினால் மட்டும் சுழன்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அப்போது மோட்டாரை மாற்றுவது நியாயமே. புதியதைப் பொருத்தும்போது கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்றை எதிரே தள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

ஆறாவது, சூட்டை உணரும் உறுப்பு. பழைய கார்கள் சிலவற்றில் ரேடியேட்டரிலேயே இரண்டு கம்பிகள் கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கும். சாவியைத் திறந்து, அவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் விசிறி சுழலுமாயின் சுவிட்ச்தான் பழுது. புதிய கார்களில் இம்முறை கூடாது. அங்கே சென்சார் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கிறது. கம்ப்யூட்டரே ரிலேயை இயக்குகிறது. ஸ்கேனர் கருவியுள்ள பட்டறைக்குச் சென்றால் கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி என்று அறிகிறது, விசிறிக்கு ஆணையிடுகிறதா என்பவை சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஏழாவது, இரண்டு வேகங்களில் ஓடும் விசிறி. மெல்ல ஓட வேண்டிய நேரத்தில் நின்று, சூடு மிகுந்ததும் மட்டும் பேரிரைச்சலுடன் ஓடினால், குறைந்த வேகத்திற்கான ரெசிஸ்டர் எரிந்திருக்கலாம்.

பட்டறைக்குச் செல்லும்போது இந்த ஒழுங்கை அறிந்து செல்லுங்கள். மெக்கானிக் மீது துர்எண்ணம் கொள்வதற்காக அன்று. ‘மோட்டாரை மாற்றும்முன் ஃபியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டீர்களா, அண்ணே?’ என்று பணிவுடன் கேட்பதற்காக. நேர்மையான தொழிலாளி அக்கேள்வியால் கோபம் கொள்ள மாட்டார்.

‘டைரக்ட்’ என்னும் மறைவுக் குறை

அன்று எங்கள் வண்டிக்கு நேர்ந்தது என்ன? இழுத்துச் செல்லப்பட்ட பட்டறையில் மறுநாள் உண்மை வெளிப்பட்டது. ஸ்டீயரிங்கின் கீழே பெயர் எழுதாத ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. பனிவிளக்கிற்கானது போலும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அந்தக் காரின் ரிலே எப்போதோ செத்துப்போயிருந்தது. முந்தைய உரிமையாளர் அதை மாற்றாமல், விசிறிக்கு ‘டைரக்ட்’ கொடுத்து, அந்தச் சுவிட்சின் மூலம் எந்நேரமும் ஓடவிட்டிருந்தார். முத்துப்பேட்டையில் நாங்கள் தொழச் சென்றிருந்தபோது, முன் இருக்கையில் விளையாடிய தங்கையின் மகன் அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டிருக்கிறான். எதற்கென்று எவருக்கும் தெரியாத சுவிட்ச். அணைந்ததை எவரும் அறியவில்லை.

சில நூறு ரூபாய் ரிலே ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டது. சுவிட்ச் அகற்றப்பட்டது. நல்லவேளையாக இன்ஜினுக்குப் பெருஞ்சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

வாசகர்களே! அவசரத்திற்கு, பட்டறைவரை சென்று சேர, ஃபியூஸ் வைத்து ‘டைரக்ட்’ கொடுப்பதில் தவறில்லை. அதையே நிரந்தரத் தீர்வாக்குவதுதான் தவறு. ஓயாமல் ஓடும் மோட்டார் விரைவில் தேயும். ஃபியூஸ் இல்லாத கம்பி தீப்பற்றும். கையால் இயக்கும் சுவிட்சை மனிதன் மறப்பான். சூடேறுகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவதும் இதைப் போன்றதே. காய்ச்சல் ஏன் வந்தது என்று பாராமல், நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு நோய் தீர்ந்தது என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

இதில் மார்க்கம் சார்ந்த ஒரு கடமையும் அடங்கியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுவோரைக் கடிந்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பழைய காரை விற்கும் நம்மில் எத்தனை பேர் ஈரமான தானியத்தை மேலே வைக்கிறோம்? ‘விசிறிக்கு டைரக்ட் கொடுத்திருக்கிறேன், இந்தச் சுவிட்ச் அதற்குரியது’ என்ற ஒரு வரியை அந்த விற்பனையாளர் சொல்லியிருந்தால், விலையில் சிறிது குறைந்திருக்கும், அவ்வளவே. சொல்லாததனால் ஒரு மனிதரின் முகம் வெந்திருக்கும்.

வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. பழைய காரை வாங்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யை அணைத்து, சூடேறும்வரை காத்திருங்கள். விசிறி தானே சுழன்று, தானே நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கால் மணி நேரப் பொறுமை போதும். பெயரில்லாத சுவிட்சைக் கண்டால் அது எதற்கென்று கேட்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மாதம் ஒருமுறை கூலண்ட் அளவைப் பாருங்கள். நம் ஊர்க் கிணற்று நீரை ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதைப் போல உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கூலண்டைக் காய்ச்சி வடித்த நீருடன் உரிய அளவில் கலந்தே பயன்படுத்துங்கள். ஒன்றை மறவாதீர்கள்: கூலண்டில் பெரும்பாலும் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய குளிர்பானப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் ஆடும் பூனையும் நக்கும்முன் கழுவிவிடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் உள்ளது. நாம் வாகனத்தில் ஏறியதும் துஆ ஓதுகிறோம். அந்தத் துஆவில், இவ்வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். வசப்படுத்தித் தந்தவனுக்கு நன்றி செலுத்தும் முறைகளுள் ஒன்று, அந்த வாகனத்தின் குறையை அறிந்து களைவது.

அன்று நாங்கள் ஒரு வேனைப் பிடித்து நாகூர் சேர்ந்தபோது மஃரிப் கழிந்திருந்தது. நிக்காஹும் விருந்தும் முடிந்து, பந்தற்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மணக்கோலத்திலிருந்த பேத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டபோது உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். திரும்பும் வழியில்தான் மச்சானிடம் கேட்டார்கள்: “கை சுடலையே, வாப்பா?”

நிக்காஹைத் தவறவிட்ட வருத்தம் உம்மாவுக்கு இன்றும் உண்டு. அந்தப் பெரியவரின் கை ஒரு நொடி தாமதித்திருந்தால், எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று ஆயுளுக்கும் தங்கியிருக்கும்.

நம் பயணங்களையும் நம்முடன் பயணிப்போரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! குறையை மறைக்காமல் கொடுக்கவும் வாங்கவும் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.